இருபது நிமிஷம் ஆச்சு

“நீ கண்ணை இமைக்கவே மாட்டியா பாப்பா?”

கேட்டது எதிர்வீட்டு லூர்துமேரி அக்கா. கறிவேப்பிலை வாங்க வந்தவர், திறந்திருந்த அறைக்கதவு வழியாகச் சும்மா எட்டிப் பார்த்தார். உள்ளே பட்டப்பகலில் கும்மிருட்டு. ஜன்னல் சாத்தியிருந்தது, சாத்திய ஜன்னல்மேல் போர்வை வேறு தொங்கியது. அந்த இருட்டுக்கு நடுவே, பின்பக்கம் தொப்பை வைத்த பழைய மானிட்டர் ஒன்று வெளிச்சத்தைக் கொட்ட, அதற்கு ஒரு முழம் தள்ளி அனுபமா உட்கார்ந்திருந்தாள். கண்கள் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

அனுபமா தோளைக் குலுக்கிச் சிரித்து வைத்தாள். யார் என்ன கேட்டாலும் அவளிடம் கிடைக்கிற பதில் அதுதான். அப்பா அம்மாவைத் தவிர வேறு ஆள் எதிரே நின்றால் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதினாறு வயதாகியும் அது தீரவில்லை.

அதனாலேயே பள்ளிக்கூடமும் நின்றது. எழுத்துப் பரீட்சையில் முதல் ஐந்து பேருக்குள் வருகிறவள், எழுந்து நின்று ஒரு பத்தியை வாசி என்றால் வேர்த்து விறுவிறுத்து நிற்பாள். பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, காலையில் பள்ளிப் பேருந்தின் ஹாரன் கேட்டாலே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு வாரம் லீவு இரண்டு வாரமானது. இரண்டு வாரம் இரண்டு மாதமானது. பிறகு பேருந்து ஹைதராபாத் திருமுல்கேரி குவார்ட்டர்ஸ் பக்கம் அவளுக்காக நிற்பதையே விட்டுவிட்டது.

அப்பா ஜம்புநாதன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ராணுவத்துக்கு வருகிற மீட்டர்களைச் சோதிக்கிற மத்திய அரசு ஆபீஸில் அவருக்கு வேலை. ஒவ்வொரு மீட்டரையும் ஓட்டிப் பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று முத்திரை குத்த வேண்டும். இருபத்திரண்டு வருஷமாகக் குத்திக் குத்தி, வீட்டிலும் ரசமானாலும் சரி, செருப்பானாலும் சரி, மச்சினிக்கு வந்த மாப்பிள்ளையானாலும் சரி, அவரிடம் அந்த இரண்டு தீர்ப்புதான். மூன்றாவது கிடையாது. அவர்தான் விசாரித்து, திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதுகிறவர்களுக்கு இன்டர்நெட்டில் பாடம் நடத்துகிற ஒரு ட்யூஷனில் அவளைச் சேர்த்தார். மாதாப்பூரில் ஒரு கம்பெனி பழைய மானிட்டர்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டபோது, ஒன்றை ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த மானிட்டருக்குள் அனுபமாவுக்கு ஒரு சொர்க்கம் கிடைத்தது. வாத்தியார் ராகவேந்திரா மாதாப்பூரில் ஏதோ ஏழாவது மாடியில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். அவளைத் தவிர நாற்பத்து மூன்று பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருந்து கேட்பார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது. திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பேச வேண்டியதை அதில் டைப் அடித்தால் போதும். அந்தப் பெட்டிக்குள் அனுபமா மகா வாயாடி. சார் ஒரு நாள் இதயத்தின் படம் வரைந்தார். “சார், இது கத்தரிக்காய் மாதிரி இருக்கிறதே, காம்பை வெட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பிக்கலாமா?” என்று அவள் அடித்ததில் வகுப்பே கலகலத்துப் போனது. தெலங்கானா பந்த் என்று ஊர் முழுக்கப் பள்ளிகள் அடைத்துக் கிடந்த நாட்களிலும் அவள் வகுப்பு மட்டும் நடந்தது. காலை முழுக்கப் பதிவுசெய்த பாடங்கள், மாலை ஐந்து மணிக்கு நேரடி வகுப்பு.

தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுதான் ஜன்னலைச் சாத்தினாள். வெளிச்சம் கசிகிறதே என்று போர்வையைத் தொங்கவிட்டாள். ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாதே என்று திரையை முறைத்துக்கொண்டே இருந்தாள். மூன்று மாதத்தில் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். சாயங்காலமானால் ஓர் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையை நனைத்துக் கண்மேல் ஒற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். லூர்துமேரி அக்காவின் ஒரே கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

“லலிதாம்மா, ரெண்டு நிமிஷமா பாத்துட்டு நிக்கிறேன், பொண்ணு ஒரு தடவைகூட கண்ணை மூடலை. மீன் மாதிரி பாக்குது.”

“ஐயையோ, மீனா!” என்றாள் அம்மா லலிதா. மீன் என்ற சொல்லே அந்த வீட்டுச் சமையலறைக்குள் வந்தது கிடையாது.

“பயப்பட நக்கோம்மா,” என்றார் லூர்துமேரி. காலனி டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து இருபது வருஷம் ஹைதராபாத் தண்ணி குடித்ததில் அவர் தமிழில், வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வும் தாராளமாகக் கலந்திருக்கும். “ஞாயித்துக்கிழமை நம்ம ஹாலுக்குக் கண் முகாம் வருது. கூட்டிட்டு வாங்க.”

ஜம்புநாதன் செருப்பைக் கழற்றுவதற்குள் லலிதா பிடித்துக்கொண்டாள்.

“ஏன்னா, கேட்டேளா? இவ வாயைத்தான் திறக்க மாட்டேங்கறா, கண்ணாவது லட்சணமா இருக்கேன்னு மனசைத் தேத்திண்டிருந்தேன். அதுலயும் கண்ணாடி வந்து உக்காந்துண்டா, நாளைக்குப் பொண்ணு பாக்க வரவாளுக்கு நான் எதைக் காட்டுவேன்?”

“பொண்ணு பாக்க வரவா இருக்கட்டும்டி,” என்றார் ஜம்புநாதன். மகளின் முகத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனது. “அனு, ஞாயித்துக்கிழமை கண்ணாடின்னு எழுதினான்னா, இந்தக் க்ளாஸ் ரிஜெக்ட். கம்ப்யூட்டரைக் கட்டி வச்சுட்டு லைனைக் கட் பண்ணிடுவேன். படிப்பு போனா வரும். கண்ணு வராது.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அனுபமா தாங்கியிருப்பாள். அவர் பாசமாகச் சொன்னார். அதுதான் வம்பு. கோபத்தில் சொன்னதை அவர் மறுநாளே மறந்துவிடுவார். பாசத்தில் சொன்னதை மறக்கவே மாட்டார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பெட்டிக்குள் அடித்தாள்: “ஞாயிறு எனக்குக் கண் சோதனை. கண்ணாடி வந்தால் இனி நான் இங்கே இல்லை.”

அவ்வளவுதான், பெட்டி பொங்கி வழிந்தது. எனக்கும் எரிகிறது என்றாள் கரீம்நகர்ப் பெண் ஒருத்தி. எனக்குத் தலை இடிக்கிறது என்றான் ஒருவன். நான் வெள்ளரிக்காய் வைத்துக்கொள்கிறேன், பிறகு அதையே தின்றுவிடுகிறேன் என்றான் இன்னொருவன். நாற்பத்து மூன்று பேரில் முப்பது பேருக்குக் கண் எரிந்துகொண்டிருந்தது. முப்பது பேரும் அதை வீட்டில் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்தான் தினேஷ். உப்பலில் இருக்கிற தமிழ்ப் பையன். நாலு வருஷமாகக் கண்ணாடி போட்டவன். “கவலையை விடு. எல்லா இடத்திலும் ஒரே அட்டைதான் தொங்கும். நான் நாலு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டேன். எட்டு வரி. குச்சியால் ஒரு தட்டு தட்டினால் ஒரு வரி சொல்ல வேண்டும். எழுதிக்கொள்,” என்று முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மளமளவென்று அடித்துக் கொடுத்தான்.

மூன்று நாள் அனுபமா அதையே உருப்போட்டாள். பீன்ஸ் நறுக்கும்போது, துணி உலர்த்தும்போது, தலை வாரும்போது, ஓயாத முணுமுணுப்பு. லலிதா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, பெண் ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்று பூரித்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்யூனிட்டி ஹாலில் காலனியே திரண்டிருந்தது. டாக்டர் பத்மஜா ஒரு மூலையில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக அட்டையும் குச்சியுமாக உதவியாளர் ஒருவர். அப்பாவும் அம்மாவும் கூட நிற்க, அனுபமாவின் முறை வந்தது. ஸ்டூலில் உட்கார்த்தி, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பின்னால் வரிசையில் இருபது பேர். அத்தனை பேர் பார்வையும் அவள் முதுகில். தலை தானாகக் குனிந்துகொண்டது. கால் கட்டைவிரலைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

தட்டு விழுந்தது.

“ஈ,” என்றாள் அனுபமா. கொசு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு குரல். ஆனால் வந்துவிட்டது. மூன்று நாள் உருப்போட்டது நாக்கிலிருந்து தானாக வழுக்கி வந்தது.

அடுத்த தட்டு. “எஃப், பி.”

அடுத்தது. “டி, ஓ, ஸெட்.”

உதவியாளர் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். தட்டு வரவில்லை. ஆனால் அனுபமாவால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது. “எல், பி, ஈ, டி. பி, ஈ, சி, எஃப், டி...” என்று மலையிலிருந்து உருளும் கல்லாக எட்டாவது வரிவரை போய்த்தான் நின்றாள்.

யாரோ ஒருவர் ‘க்ளுக்’ என்றார். பிறகு இருபது பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

டாக்டர் எழுந்து வந்தார். “அம்மாயி,” என்றார் தெலுங்கில், “கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாரேன்.”

அனுபமா தூக்கினாள். அட்டை முழுக்கத் தெலுங்கு எழுத்துகள். பெரிசிலிருந்து சிறிசுவரை, சுழித்துச் சுழித்து, தேன்குழல் பிழிந்து வைத்த மாதிரி. கிராமம் கிராமமாகப் போகிற முகாம் அது. ஆங்கில அட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பாள்.

“தெலுங்கு படிக்க வருமா?” என்றார் டாக்டர். அவள் இல்லையென்று தலையாட்டினாள். படித்தது இந்தியும் ஆங்கிலமும்; தமிழ் அம்மா சொல்லிக்கொடுத்தது. டாக்டர் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்தார். “படிக்க வேண்டாம். என்ன தெரிகிறதோ அதை அப்படியே வரை.”

அனுபமா வரைந்தாள். பேச வேண்டாம் என்றால் அவளுக்கு எதுவும் கஷ்டம் இல்லை. முதல் வரி, இரண்டாம் வரி, அப்படியே கடைசி வரி. எறும்பு அளவு எழுத்தின் கீழே இருந்த வாலைக்கூட விடவில்லை. இன்னொரு கண்ணுக்கும் அதேதான். காகிதத்தை வாங்கிப் பார்த்த உதவியாளர், அட்டைக்கு அருகில் போய்த் தன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, அந்த வால் நிஜமாகவே இருக்கிறதா என்று சரிபார்த்தார். இருந்தது.

“பார்வை பிரமாதம். கண்ணாடி தேவையே இல்லை,” என்றார் டாக்டர். “பிறகு எதற்கம்மா இந்தப் பாராயணம்?”

அனுபமா மறுபடி கால் கட்டைவிரலைப் பார்த்தாள். ஜம்புநாதன் வாயைத் திறந்தார். “நீங்கள் சும்மா இருங்கள்,” என்று அவரை உட்கார வைத்துவிட்டு, டாக்டர் ஒன்றொன்றாகக் கேட்டார். அனுபமா விரலாலும் தலையாலும் பதில் சொன்னாள். எத்தனை மணி நேரம்? ஏழு விரல். ஜன்னல் திறந்திருக்குமா? இல்லை. விளக்கு? இல்லை. எழுந்து போவாயா? இல்லை. பிறகு தன் செல்போனில் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டி அவளைப் படிக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கண்ணையும் பார்த்தார்.

“ஒரு நிமிஷத்துக்கு நாலு தடவை இமைக்கிறாய். பதினைந்து வேண்டாமா? கண் காய்ந்து கருவாடாகிவிடும்.” லலிதா காதைப் பொத்திக்கொண்டாள். “ஜன்னலைத் திற. விளக்கைப் போடு. திரையை இன்னும் தள்ளி வை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தூரத்தில் இருக்கிற எதையாவது அரை நிமிஷம் பார். நிறைய இமைத்துக்கொள். இதுதான் மருந்து. போ.”

அனுபமா துள்ளாத குறையாக வெளியே வந்தாள். கண் தப்பித்தது, வகுப்பும் தப்பித்தது. அப்படித்தான் நினைத்தாள். ஜம்புநாதன் வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போதுதான் ஆரம்பித்தார்.

“கண்ணு நன்னா இருக்கு. சந்தோஷம். ஆனா நீ பண்ணினது என்ன? எங்க ஆபீஸ்ல ஒரு மீட்டர், கரண்ட்டே குடுக்காம முள்ளைக் காட்டித்துன்னா, அதை நாங்க ரிஜெக்ட்கூட பண்ண மாட்டோம். சுத்தியல் எடுத்து உடைப்போம். பாக்காமலே ரீடிங் சொன்னியே! அந்த மாஸ்டர்கிட்டயும் இப்படித்தானா? இத்தனை மாசமா அந்த ரூம்ல படிக்கறியா, இல்ல ஒப்பிக்கறியா? எனக்கு எப்படித் தெரியும்?”

“படிக்கறேன்பா.”

“யாரு பாத்தா? இருட்டு ரூம், காதுல ஹெட்போன். நாளைக்கு நானே வந்து உக்காரப் போறேன். அனு, நன்னா கேட்டுக்கோ. மனப்பாடம் பண்ணாத ஒரு வாக்கியம், உன் சொந்த வாக்கியம், வேற ஒரு மனுஷர்கிட்ட நீ வாயால பேசி என் காதால கேக்கணும். ஒண்ணே ஒண்ணு போறும். கேட்டேன்னா லைன் இருக்கும். கேக்கலைன்னா செவ்வாய்க்கிழமை கட்.”

“சின்னப் பொண்ணைப் போட்டு ஏன்னா...” என்று லலிதா இழுத்தாள்.

“இன்ஸ்பெக்‌ஷன்னா இன்ஸ்பெக்‌ஷன்தான்,” என்றார் அவர்.

திங்கட்கிழமை ஜம்புநாதன் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நாலரைக்கே வந்துவிட்டார். போர்வையைத் தானே அவிழ்த்தார். ஜன்னலைத் திறந்தார். மூன்று மாத இருட்டு ஒரே நொடியில் ஓடிப் போனது. மேஜையைப் பின்னால் நகர்த்தினார். முக்காலி ஒன்றைப் போட்டு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தனக்கும் கேட்க வேண்டும் என்று ஹெட்போனையும் பிடுங்கச் சொன்னார்.

ஹெட்போனைப் பிடுங்கினால், மானிட்டர் தலையில் ஒட்டியிருந்த காமெராவின் மைக் விழித்துக்கொள்ளும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. திங்கட்கிழமை சந்தேகம் கேட்கிற நாள். எல்லோருடைய மைக்கையும் சார் திறந்தே வைத்திருப்பார்.

ஐந்து மணிக்கு ராகவேந்திராவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. மின்சாரப் பாடம். அனுபமாவின் கை சாவிப்பலகைமேல் இருந்தது. ஓர் எழுத்தும் அடிக்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் அப்பாவின் மூச்சு. பேச வேண்டும், பேச வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். என்ன கேட்பது என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். உடனே, தயார் செய்தால் அது மனப்பாடம் ஆகிவிடுமே என்று கலைத்தாள். சார் யார் யாரிடமோ கேள்வி கேட்டார்; யார் யாரோ பதில் சொன்னார்கள். நிமிஷங்கள் ஓடின. லைன் அறுகிற சத்தமே அவளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது.

“இருபது நிமிஷம் ஆச்சு! அனு, தூரப் பாரு!”

ஜம்புநாதன்தான். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய ஆபீஸ் குரல். அந்தக் குரல் மாதாப்பூருக்குப் போய், நாற்பத்து மூன்று வீடுகளின் ஸ்பீக்கரில் புகுந்து புறப்பட்டு, “...தூரப் பாரு! ...பாரு!” என்று திரும்பி வந்தது.

பாடம் பாதியில் நின்றது.

“யார் அது?” என்றார் ராகவேந்திரா ஆங்கிலத்தில்.

பெட்டிக்குள் தினேஷ் அடித்தான்: “சார், யாரோ ஒரு அங்கிள் தமிழில் சொல்கிறார். இருபது நிமிஷம் ஆகிவிட்டதாம். தூரமாகப் பார்க்க வேண்டுமாம்.”

“எவ்வளவு தூரம் என்று கேள்,” என்று கரீம்நகரிலிருந்து வந்தது.

“ஐயா, பேசியது யாராக இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள்,” என்றார் ராகவேந்திரா, ரொம்ப மரியாதையாக. “பாடத்தில் ஏதாவது குறையா?”

அனுபமா திரும்பிப் பார்த்தாள். அப்பா முக்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. மூடினார், மறுபடி திறந்தார். காது மடல் சிவந்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. முகம் தெரியாத நாற்பத்து மூன்று பேரும் ஒரு வாத்தியாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஜம்புநாதனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டுவிட்டது.

அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பதுதான் முதல் தடவை. உடனே யாராவது பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் எப்படித் தாங்குவார்?

“சார், அது எங்கப்பா,” என்றாள் அனுபமா.

குரல் பிசிறடித்தது. ஆனால் கொசுவின் குரல் இல்லை. “நான் அனுபமா. டாக்டர் சொன்னதைத்தான் அப்பா சொன்னார். எங்கள் எல்லோருக்கும் கண் எரிகிறது சார். பயந்துகொண்டு யாரும் சொல்லவில்லை. நான் ஒருத்தி எழுந்து போனால் பாடம் போய்விடும். நீங்களே இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை பாடத்தை நிறுத்தினால், எல்லோரும் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருவோம்.”

“கத்தரிக்காய் அனுபமாவா நீ!” என்று ராகவேந்திரா கடகடவென்று சிரித்தார். “காலையிலிருந்து இது நாலாவது பேட்ச். எரிகிறதைப் பற்றி என்னிடமே சொல்கிறாயா? சரி, எல்லோரும் எழுந்திருங்கள். நானும் எழுந்திருக்கிறேன்.”

ஸ்பீக்கரில் நாற்பத்து மூன்று நாற்காலிகள் இழுபட்டன. ஜன்னல்கள் கிறீச்சிட்டன. எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. எங்கேயோ ஓர் எருமை கத்தியது. தண்ணீர்த் தொட்டி தெரிகிறது என்று ஒரு குரல், மாமாவின் ஸ்கூட்டர் தெரிகிறது என்று ஒரு குரல், எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரிகிறது, அதில் ஒரு பாட்டி என்னை முறைக்கிறாள் என்று ஒரு குரல். சிரிப்பான சிரிப்பு. அனுபமாவும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலனிச் சுவருக்கு அப்பால் ராணுவ மைதானம், அதற்கும் அப்பால் பாறைமேல் பாறையாக ஒரு குன்று. இமைத்தாள். இன்னொரு தடவை இமைத்தாள். கண்ணில் ஜில்லென்று ஈரம் பரவியது.

“எனக்கு ஒரு மலை தெரிகிறது!” என்று திரும்பிப் பார்த்துக் கத்தினாள், மைக்கைப் பற்றிய நினைவே இல்லாமல்.

ஜம்புநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தைக் கையில் கட்டினார். மகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு “பாஸ்” என்று சொல்லிவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனார்.